கோப்பியும் கொப்பியும்

எங்கள் ஹட்டன் பிரதான வீதியில் ஒருவர் கடை வாசலில் குடையைத் தொங்கவிட்டால் அடுத்த மழைக்குள் ஏழு கடை வாசலில் குடை தொங்கும். ஒருவர் கம்பளிச் சட்டையைக் குவித்துப் போட்டு ஆயிரம் ரூபா என்று கூவினால், மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று ஒலிபெருக்கி கத்தும். தலவாக்கலையில் கடை வைத்திருப்பவரும் பொகவந்தலாவையில் கடை வைத்திருப்பவரும் இதை வாசிக்கும்போது சிரிப்பார்கள் என்று தெரியும். "நான் தொடங்கினேன், அவன் கொப்பி அடித்தான்" என்ற முறைப்பாடு இல்லாமல் நம் வர்த்தகர்கள் நாலு பேர் சேர்ந்து தேநீர் குடித்ததில்லை.

அந்த முறைப்பாட்டை நானும் செய்தவன்தான். அதைப் பற்றியே இந்தக் கிழமை எழுதுகிறேன்.

எங்களுடையது வாப்பா காலத்துப் புடவைக் கடை. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் சனம்தான் எங்கள் வாடிக்கை. வருடத்தில் இரண்டு காலம் எங்களைக் காப்பாற்றும். ஒன்று தீபாவளி, மற்றது பாடசாலைப் புதுவருடம். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. சப்பாத்து, காலுறை, புத்தகப்பை, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கடையில்தான் வாங்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் ஐந்து கடை ஏறி இறங்கிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். 2016 முடிவில் ஒரு யோசனை வந்தது. இவற்றையெல்லாம் வகுப்புக்கு ஏற்றபடி ஒரே பொதியாகக் கட்டி, ஒரே விலை போட்டு வைத்தால் என்ன? வைத்தேன். கட்டியதெல்லாம் ஒரு கிழமையில் முடிந்தது.

அடுத்தடுத்த வருடங்களில் மூன்று கடைகளில் அதே பொதி வந்தது. இரண்டு கடைகளை நான் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாவதுதான் நெஞ்சில் குத்தியது. பதினொரு வருடம் எங்கள் கடையில் நின்று, தொழில் பழகி, விலகிப்போய் எதிர்ப்பக்கத்தில் சிறியதாகக் கடை போட்ட தம்பி அவர். தோட்டத்துப் பிள்ளை. பொதி கட்டும் கயிற்று முடிச்சுகூட எங்கள் கடை முடிச்சு! இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் பக்கத்துக் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள் இரவு கடை பூட்டும்போது இதையே சொல்லிப் புலம்பினேன். மகன் கேட்டார்: "வாப்பா, பொதி கட்டுவதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?"

பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ரமழானில் ஸதகாவுக்காக வாங்குபவர்களுக்கு நம்முடைய பலசரக்குக் கடைகளில் அரிசி, சீனி, பருப்பு, பேரீச்சம்பழம் என்று உலர் உணவுப் பொதி கட்டி வைப்பார்கள் அல்லவா? அதைப் பார்த்துத்தான் கட்டினேன். பலசரக்குக்காரர் எவரும் என்னிடம் வந்து கோபித்துக்கொள்ளவில்லை.

மகன் வர்த்தக முகாமைத்துவம் படித்தவர். தியடோர் லெவிட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1966இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றார். கம்பனிகள் பெரும்பாலும் வளர்வது புதிதாகக் கண்டுபிடித்து அல்ல, மற்றவர் கண்டுபிடித்ததைப் பின்பற்றித்தான் என்பது அதன் சாரமாம். படித்தவர்கள் சொல்வது இருக்கட்டும். எனக்கு இதை விளங்கவைத்தது நாம் அன்றாடம் மிதிக்கும் இந்த மலைதான். வாசகர்கள் பொறுத்துக்கொண்டால் கொஞ்சம் பழைய கதைக்குப் போய் வருகிறேன்.

மலை முழுக்க ஒரே பயிர்

இன்று பச்சையாகத் தெரியும் மலைகளில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் தேயிலை இல்லை. கோப்பி இருந்தது. ஒரு துரை காட்டை வெட்டிக் கோப்பி போட்டு இலாபம் கண்டார் என்றதும் மற்றவரெல்லாம் வெட்டினார்கள். அரச உத்தியோகத்தர்கள்கூடக் காணி வாங்கினார்கள். 1869இல் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் போன்ற ஒரு நோய் கண்டது. துரு நோய் என்று இன்று சொல்கிறோம். அப்போதும் எவரும் நிறுத்தவில்லை. கோப்பிக்கு நல்ல விலை இருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டத்தான் நடுகிறானே என்று இவரும் நட்டார். நோய் வந்த பிறகுதான் கோப்பிக் காணியின் பரப்பு உச்சத்துக்கே போனது. 1870களின் கடைசியில் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டி நின்றது.

இந்த நோயை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பினார்கள். நோயின் வித்து காற்றில் பறக்கிறது, இடைவெளியில்லாமல் மலை முழுக்க ஒரே பயிர் இருப்பதால் தடையில்லாமல் ஓடுகிறது என்பதை அவர் காட்டினார். மருந்து அவரிடம் இல்லை. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது, எதை ஏற்றுவதற்காகப் பாதையை இழுத்தார்களோ அந்தக் கோப்பி கண்முன்னே செத்துக்கொண்டிருந்தது.

கோப்பி போனதும் துரைமார் என்ன செய்தார்கள்? மறுபடியும் பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்த்தார்கள். இந்த முறை சிங்கோனா. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வரும். 1861லேயே ஹக்கலையில் அரசாங்கத் தோட்டம் அதை வளர்த்து, கன்று தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பி செழித்த காலத்தில் அதை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பி சாகத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். 1880களின் நடுவில் இலங்கைப் பட்டை லண்டன் களஞ்சியங்களில் மலைபோல் குவிந்தது. விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. நட்டவர்களே பிடுங்கிப் போட்டார்கள்.

இதே சிங்கோனாவை ஜாவாத் தீவில் ஒல்லாந்தரும் நட்டார்கள். இருவருக்கும் மூலம் ஒன்றே, தென் அமெரிக்கக் காடு. ஒல்லாந்தர் என்ன செய்தார்கள் என்றால், சார்ல்ஸ் லெட்ஜர் என்பவர் பொலிவியாவிலிருந்து எடுத்துவந்த விதையில் கொஞ்சத்தை 1865இல் வாங்கி, முளைத்த மரங்களில் எந்த மரத்துப் பட்டையில் மருந்துச் சத்து அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லதை மட்டும் பெருக்கினார்கள். நம் துரைமார் ஏக்கரை எண்ணினார்கள், அவர்கள் சத்தை எண்ணினார்கள். இரண்டாம் உலக யுத்தம் வரை உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவுடையது. இங்கே சிங்கோனா என்ற பெயரைக் கேட்டால் இன்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

டெய்லர் துரையின் விறாந்தை

இனித் தேயிலைக்கு வருகிறேன். கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கைத் தேயிலையின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். ஆனால் அவர் முதல் ஆள் அல்லர். 1839லேயே அசாம் விதை பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. 1840களில் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவைப் பக்கம் சீனத் தேயிலையை நட்டு, தூளும் செய்து பார்த்தார்கள். செலவு கட்டாமல் கைவிட்டார்கள்.

டெய்லர் செய்த வேலை வேறு. அசாமுக்குத் தெற்கே கச்சார் மாவட்டத்தில் தேயிலைத் தொழில் பார்த்த ஒருவரிடம் கொழுந்து எப்படி எடுப்பது, எப்படி வாட்டுவது, எப்படி உருட்டுவது என்று கேட்டுப் படித்தார். அந்த அசாம்காரர்களும் சீனாவிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பழகியவர்களே. டெய்லர் தன் பங்களா விறாந்தையையே தொழிற்சாலை ஆக்கினார். மேசையில் போட்டுக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டு, கம்பி வலைத் தட்டில் காயவைத்தார். (மேசையில் உருட்டிய கைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த கைகள் அவை.) 1872இல் உருட்டுவதற்கு ஓர் இயந்திரமும் தொழிற்சாலையும் வைத்தார். 1873இல் 23 இறாத்தல் தூள் லண்டனுக்குப் போனது. இருபத்து மூன்று இறாத்தல்! இன்று நம் கடையில் ஒரு தேநீர்க் கடைக்காரர் வாங்கிப் போகும் அளவு.

அந்த விறாந்தைக்கு அயல் துரைமார் வந்து பார்த்தார்கள். டெய்லர் கதவைச் சாத்தவில்லை. 1875 அளவில் நாடு முழுக்கச் சுமார் ஆயிரம் ஏக்கர் தேயிலைதான் இருந்தது. 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கொப்பி அடிக்க ஆளில்லாவிட்டால் டெய்லரின் புதுமை 19 ஏக்கரோடு நின்று, வோர்ம்ஸ் சகோதரர்களின் தோட்டத்தைப் போல மறந்துபோயிருக்கும்.

அப்படியானால் கோப்பியையும் சிங்கோனாவையும் பார்த்து நட்டவர்கள் விழுந்தார்கள், தேயிலையைப் பார்த்து நட்டவர்கள் ஏன் நின்றார்கள்? தேயிலைக்குக் குடிக்கும் வாய் உலகத்தில் பெருகிக்கொண்டே போனது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. கோப்பியை அப்படியே நட்டுவிடலாம். தேயிலையை அப்படி நட முடியாது. கோப்பிப் பழம் வருடத்தில் ஒரு காலத்தில் பறிப்பது. பறிக்க ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து, முடிந்ததும் திரும்பிப் போவார்கள். தேயிலைக் கொழுந்தோ ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை வருடம் முழுக்க எடுக்க வேண்டும், எடுத்த அன்றே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். ஆகவே தேயிலைக்கு மாறிய துரை, பயிரை மட்டும் மாற்றித் தப்ப முடியவில்லை. தோட்டத்துக்குள்ளேயே தொழிற்சாலை கட்டினார், குடும்பம் குடும்பமாக ஆட்களை லயத்தில் நிரந்தரமாக இருத்தினார், கடன் வாங்கி இயந்திரம் போட்டார். அது முடியாத சிறிய துரைமார் கம்பனிகளுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோப்பி இயந்திரம் செய்துகொண்டிருந்த வோக்கர் கம்பனி தேயிலை இயந்திரம் செய்யக் கற்றுக்கொண்டது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஒரு செடியைப் பார்த்து நட்டதால் தொழிலின் உருவமே மாறிவிட்டது.

அந்த லயத்து வாழ்க்கை எப்படிப்பட்ட வாழ்க்கை என்பது தனிக் கதை. அதை மறைத்துவிட்டு டெய்லர் புகழ் பாடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நமக்கு ஒன்று விளங்க வேண்டும். வருடம் முழுக்கச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் மலையில் இருந்தபடியால்தான் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கடை ஹட்டனில் நிலைத்தது. என் வாப்பாவின் கடையும் அதில் ஒன்று.

பலகையைப் பார்ப்பவர், கணக்கைப் பார்ப்பவர்

இதைப் படிக்கும்போது எனக்கு என்னுடைய ஒரு முட்டாள்தனம் ஞாபகம் வந்தது. யுத்தம் முடிந்த காலத்தையொட்டிக் கையடக்கத் தொலைபேசிக் கடைகள் மலையகத்தில் காளான்போல் முளைத்தன. ஒரு கடையில் எந்நேரமும் கூட்டம். நானும் புடவைக் கடையின் முன்பக்கத்தில் பாதியை உடைத்துக் கண்ணாடி அலுமாரி போட்டேன். விளக்கு, பலகை, போஸ்டர் எல்லாம் அதே மாதிரி. பத்து மாதத்தில் கை சுட்டுக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடைக்காரருக்கு இலாபம் தொலைபேசி விற்பதில் இல்லை. பின் அறையில் பழுது பார்க்கும் ஒரு பையனிடம் இருந்தது. கூட்டம் நின்றது பழுது பார்க்க. நான் பார்த்தது பலகையை, பின் அறையை அல்ல.

கொப்பி அடிப்பதில் பலகையைப் பார்த்து அடிப்பது ஒன்று, கணக்கைப் பார்த்து அடிப்பது மற்றொன்று. நுவரெலியா வீதியோரத்தில் ஒருவர் ஸ்ட்ரோபெரி வைத்தால் இருபது பேர் அதே கூடை, அதே பலகையோடு நிற்கிறார்கள் என்றால் அது முதல் வகை. விலையைக் குறைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது வகைக்கு லிப்டனைச் சொல்வேன். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். பொட்டலத் தேயிலை என்றால் லிப்டன் என்று நினைக்கிறோம். உண்மையில் ஜோன் ஹோர்னிமன் என்ற ஆங்கிலேய வியாபாரி 1826லேயே தேயிலையைப் பொட்டலத்தில் அடைத்து விற்றவர். அக்காலத்தில் திறந்த பெட்டித் தேயிலையில் கண்டதையும் கலப்பார்கள். கலப்படமில்லை என்பதற்கு உறுதிதான் அந்தப் பொட்டலம். லிப்டனுக்கு இளம் வயதில் அமெரிக்கக் கடைகளில் வேலை பார்த்த பழக்கம் இருந்தது. கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை திறந்து, அமெரிக்கர் செய்வதுபோல் ஆரவாரமாக விளம்பரம் செய்து, கிளை கிளையாகப் பெருக்கினார். பொட்டலம் ஒருவரிடம், விளம்பரம் இன்னொரு நாட்டில், தேயிலை மூன்றாவது இடத்தில். மூன்றையும் தன் கடையில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடும் என்று ஊருக்கேற்ற கலவை செய்து விற்றார். அந்த முடிச்சுத்தான் அவருடைய சொந்தச் சரக்கு.

அறுபது எழுபது வருடம் கழித்து நம் நாட்டு மெரில் பெர்னாண்டோ லண்டனுக்குத் தேயிலைத் தொழில் படிக்கப் போனார். இங்கிருந்து போகும் தூள் அங்கே மற்ற நாட்டுத் தூளோடு கலந்து, அவர்களுடைய பெயரில் பொட்டலமாவதைப் பார்த்தார். அதே பொட்டலத்தை இங்கேயே அடைத்தால் என்ன என்று கேட்டார். 1980களில் அவுஸ்திரேலியச் சந்தையில் டில்மா என்ற பெயர் வந்தது அப்படித்தான். டில்ஹான், மாலிக் என்ற இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. 2023இல் அவர் காலமானார். அவர் பாதையில் இன்று பல நிறுவனங்கள் இங்கேயே பொட்டலம் அடைக்கின்றன.

கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் எய்ட்கன் ஸ்பென்ஸ் கம்பனி ஹோட்டலாக்கியது. டில்மா குடும்பம் 2005இல் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கத்துத் துரை பங்களாக்களை உல்லாச விடுதிகளாக்கியது. அதன் பின் மலையில் சுண்ணாம்பு அடிக்காத பங்களா குறைவு. எல்லாம் நிறைகிறதா என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்பற்றாமல் விட்டதும் ஒரு கதை. 1930களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. கொழுந்தை நறுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டும். வேகம் அதிகம், சாயம் கடும், தேயிலைப் பைக்குப் பொருத்தம். கென்யா கிட்டத்தட்ட முழுவதும் அதற்குப் போனது. இந்தியாவில் பெரும்பகுதி போனது. நம் நாட்டிலும் மாறச் சொல்லி அழுத்தம் இருந்தது, சில தொழிற்சாலைகள் மாறின. ஆனால் இன்றும் நம் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பழைய முறையில் உருட்டிய தேயிலைதான். உயர்நில மணம் அந்த உருட்டலில்தான் நிற்கும், மத்திய கிழக்கில் வாங்குபவர்கள் இலை தெரியும் தேயிலையைக் கேட்கிறார்கள் என்பது இதற்கு நியாயம். மலிவான பைத் தேயிலைச் சந்தையைக் கென்யாவுக்கு விட்டுக்கொடுத்தது இதன் விலை. சரியா பிழையா என்று எங்கள் கடை மேசையில் பலமுறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. என் கட்சி, விட்டது சரி என்பது. நம் கைக்குப் பழக்கமான வேலையை விட்டுவிட்டுக் கென்யாவின் கூலியோடும் நிலப்பரப்போடும் போட்டி போட்டிருந்தால் நுவரெலியாத் தேயிலைக்கு இன்று தனிப் பெயரே இருக்காது.

ஒரே தொழிலில் இருப்பவனைப் பார்த்து எடுத்தால் அவனைப் போலத்தான் ஆகலாம். வேறு தொழிலைப் பார்த்து எடுத்தால் புதிதாக ஏதாவது பிறக்கும். ஜப்பானின் டொயோட்டாக் கம்பனியில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் இருந்தார். அமெரிக்க சுப்பர் மார்க்கெட்டுகளில் வாடிக்கையாளர் தட்டிலிருந்து எடுத்த அளவுக்கு மட்டும் பின்னாலிருந்து சாமான் நிரப்புகிறார்கள் என்பது அவரைப் பிடித்துக்கொண்டது. அதைக் கார்த் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். முன்னால் எடுத்த அளவுக்குத்தான் பின்னால் உதிரிப்பாகம் செய்வது. பிறகு அமெரிக்கக் கார்க் கம்பனிகளே ஜப்பானுக்குப் போய் அதைப் படித்தார்கள். மளிகைக் கடையிலிருந்து போன பாடம்!

செக்ரோல் கொப்பி

இனி என் பொதிக்கு வருகிறேன். 2022இல் நாடு முறிந்தபோது கொப்பி, சப்பாத்து, பை எல்லாம் இரு மடங்குக்கு மேல் ஏறின. தோட்டச் சம்பளம் அப்படியே நின்றது. பொதியின் விலையைக் கேட்டுவிட்டுத் தாய்மார் ஒன்றும் பேசாமல் படி இறங்கினார்கள். ஒரு பொதியைப் பிரித்துப் பாதி தரச் சொன்னவர்களும் உண்டு. கட்டி வைத்ததில் முக்கால்வாசி அலுமாரியில் கிடந்தது. கடை மூடுவது பற்றி வீட்டில் முதல் தடவையாகப் பேசினோம்.

எதிர்ப்பக்கத்துத் தம்பியின் கடையில் மட்டும் பொதி போய்க்கொண்டிருந்தது. கடன் கொடுக்கிறார், விழப்போகிறார் என்று நினைத்தேன். மகன் விசாரித்துக்கொண்டு வந்தார். கடனில்லையாம். முன்கூட்டியே கட்டுகிறார்களாம்.

ஒரு மாலை, கூச்சத்தை விட்டுவிட்டு அந்தக் கடைப் படியேறினேன். "வாங்க முதலாளி" என்று எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். தேநீர் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு, "தம்பி, இந்தக் கணக்கை எப்படி வைக்கிறாய்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

மேசைக்குக் கீழிருந்து நீளக் கொப்பி ஒன்றை எடுத்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, சப்பாத்து அளவு. குறுக்கே கிழமைகள். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டிய தொகை. பார்த்தவுடன் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தோட்டத்து செக்ரோல்! பெயர் வரிசையாக, நாள் குறுக்காக, வேலைக்கு வந்த அன்று பெயர் போடுவார்கள் அல்லவா, அதே உருவம். "அப்பா பேர் போடுறத பார்த்துத்தான் முதலாளி" என்றார். தாய்மாருக்கும் அது தெரிந்த உருவம். தங்கள் கட்டம் நிறைந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

அதைவிட உள்ளே ஒரு கணக்கு இருந்தது. சேரும் பணத்தை அவர் பெட்டியில் வைக்கவில்லை. கொஞ்சம் சேர்ந்ததும் கொழும்புக்குப் போய், சீசன் ஏறுவதற்கு முன்பே பையையும் சப்பாத்தையும் எடுத்துவிடுகிறார். எத்தனை பிள்ளை, என்ன அளவு என்பது கொப்பியிலேயே இருப்பதால் மிஞ்சுவதில்லை. வங்கியில் கை நீட்டவில்லை, வட்டி இல்லை. நான் முப்பது வருடமாகச் சப்பாத்து அளவைக் குத்துமதிப்பாக எடுத்து, மார்ச் மாதத்தில் ஆறாம் நம்பர் சப்பாத்தை அடிவிலைக்குத் தள்ளிக்கொண்டிருப்பவன்.

என் பொதியை அவர் எடுத்தார் என்று நான் பேசாமலிருந்தேன். அதை எடுத்தவர் அதற்குள் இதை வைத்திருக்கிறார். எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் மாட்டாது, எங்கள் வீட்டில் செக்ரோலில் பெயர் போட யாரும் இருந்ததில்லை.

நானும் இப்படி ஒரு கொப்பி போடட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். புறக்கோட்டையில் எங்களுக்குச் சப்பாத்து தரும் மொத்த வியாபாரியிடம் தன்னை அறிமுகப்படுத்த முடியுமா என்று அவர் கேட்டார். அந்த வியாபாரி வாப்பா காலத்துப் பழக்கம். யாருக்கும் இதுவரை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இரவு யோசித்துவிட்டு அழைத்துக்கொண்டு போனேன். இப்போது இருவர் சாமானும் ஒரே லொறியில் வருகிறது. கூலி பாதி. எடுக்கும் தொகை பெரிது என்பதால் விலையிலும் கொஞ்சம் குறைக்கிறார்கள்.

என் கொப்பியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். தம்பி தங்கைக்காக அவர்கள் அங்கிருந்தே வங்கிக் கணக்கில் போடலாம் என்று ஒரு நிரல் சேர்த்தேன். போன சீசனில் அப்படிப் பணம் வந்த பெயர்கள் நாற்பதுக்கு மேல். தம்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். வரும் வருடம் அவர் கொப்பியிலும் அந்த நிரல் இருக்கும்.

கடைக்கு வெளியே ஒரு பலகையும் வைத்தேன். "வாரா வாரம் கட்டலாம்" என்று எழுதச் சொன்னேன். பலகை எழுதுபவர் "வாரம் வாராம் கட்டலாம்" என்று எழுதிவிட்டார். திருத்த மறுபடியும் காசு கேட்டதால் அப்படியே விட்டுவிட்டேன். போன கிழமை மேல் வீதியில் மூன்றாவதாக ஒரு கடையில் புதுப் பலகை தொங்குகிறது. நின்று வாசித்தேன். பெரிய எழுத்தில், சிவப்பு நிறத்தில், "வாரம் வாராம் கட்டலாம்."